எரிக்கப்பட்டதாகச் சான்றளிக்கப்பட்ட மணை

1

பெல்ஜியத்தின் ஒரு சிறிய நகரத்தில், அதைவிடச் சிறிய ஓர் அருங்காட்சியகத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் பன்னிரண்டாவது வருடம் இருக்காது. கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இருக்கும் ஆப்பிரிக்கப் பொருட்களுக்குப் பக்கத்தில் விளக்க அட்டைகள் இருக்குமல்லவா, அவற்றின் ஆங்கில வாசகத்தைத் திருத்துவது என் பொறுப்பு. இந்த நாட்டுக்கு வருவதற்கு முன்னால் சென்னையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். இந்த வேலைக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. 'போலீஸ் தரப்பில் கூறப்படுகிறது' என்று எழுதிப் பழகிய கைக்கு, 'இப்பொருள் சேகரிப்பில் வந்து சேர்ந்தது' என்று எழுதுவது சிரமமே இல்லை.

எங்கள் பொருட்கள் எல்லாமே வந்து சேர்ந்தவை. மழைக்கு ஒதுங்கியவை போல. இந்த நாட்டு ராஜா ஒருவர், தன் நாட்டைவிடப் பல மடங்கு பெரிய காங்கோவைத் தன் சொந்தச் சொத்தாக வைத்திருந்தார். ஒரு நாள்கூட அங்கே போனதில்லை. அவருக்காக ரப்பர் பால் எடுத்துவராத ஊர்களில் மனிதர்களின் கைகள் வெட்டப்பட்டன. எங்கள் அட்டைகளில் இதற்கு 'கடினமான காலகட்டம்' என்று பெயர். ஓர் அட்டைக்கு அறுபது சொல்தான் வரம்பு. கைகளுக்கு இடம் போதவில்லை என்று மேலதிகாரி வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார், இந்த ஊரில் வருத்தத்துக்குக் குறைவில்லை.

மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ கடிதம் வரும். 'இரண்டாவது அறையில் இருக்கும் முரசு எங்கள் ஊருடையது, திருப்பித் தருவீர்களா' என்று கேட்டு. பதில் தயாராக இருக்கிறது, மூன்று பத்தி. முதல் பத்தியில் நன்றி. இரண்டாவதில், பொருளின் வரலாறு குறித்து ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது. மூன்றாவதில், எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், உங்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. விசா பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அது வேறு துறை.

இந்த நவராத்திரிக்கு மாடம்பாக்கம் வீட்டுக்குப் போயிருந்தபோது, இதே விஷயத்தில் ஒரு கடிதம் எழுதவேண்டிய நிலை என் அப்பாவுக்கு வந்தது. அவருக்கு எண்பத்து மூன்று வயது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். தப்பான விடைக்கு மார்க் போட்டதில்லை, பொய்க் கையெழுத்து போட்டதில்லை என்பவைதான் அவர் சேர்த்து வைத்திருந்த பெருமை. அதில் இரண்டாவது சரியில்லை என்று தெரியவந்தது.

2

எழுபதுகளின் கடைசியில் ஜாம்பியா அரசாங்கம் இந்தியாவிலிருந்து வாத்தியார்களை எடுத்தது. அப்பா போனார். எட்டு வருடம். அம்மாவும் நானும் மாடம்பாக்கத்தில். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அவர் லீவில் வருவார்.

அவர் வேலை பார்த்த பள்ளி லுவாபுலா ஆற்றங்கரையில் இருந்தது. ஐரோப்பியர்கள் ஆப்பிரிக்காவைப் பங்கு போட்டபோது அந்த ஆற்றை எல்லைக்கோடாக்கினார்கள். மேற்குக் கரை பெல்ஜிய ராஜாவுக்கு, கிழக்குக் கரை பிரிட்டிஷ்காரர்களுக்கு. இரண்டு கரையிலும் ஒரே பேச்சு, ஒரே மாமன் மச்சான். பெண் எடுத்த ஊருக்குத் தோணியில் போய்க்கொண்டிருந்தவர்கள் ஒருநாள் காலையில் வெளிநாட்டுக்காரர்கள் ஆனார்கள். கிழக்குக் கரையில் குடிசைக்கு வரி போட்டார்கள். வரி கட்டக் காசு வேண்டும், காசுக்குச் சுரங்கத்துக்குப் போகவேண்டும். ஆற்றில் மீன் பிடித்துப் பிழைத்தவர்களுக்குக் காசு எதற்கென்று அதுவரை தெரியாது. அதைக் கற்றுக்கொடுத்ததற்கு நாகரிகம் என்று பெயர்.

அப்பா போன காலத்தில் வெள்ளைக்காரர்கள் போய்விட்டிருந்தார்கள். அவர்கள் இருந்த குவார்ட்டர்ஸ் அப்பாவுக்குக் கிடைத்தது. சமையலுக்கு ஓர் ஆளும். அவருக்கு ஐம்பது வயதிருக்கும், பேரப்பிள்ளைகள் உண்டு. அப்பா அவரை எட்டு வருடமும், பையன் என்று அர்த்தப்படும் ஆங்கில 'பாய்' என்றே கூப்பிட்டார். கெட்ட எண்ணத்தில் இல்லை. குவார்ட்டர்ஸ் சாமான் பட்டியலில் நாற்காலி, மேசை, கொசுவலைக்குக் கீழே அப்படித்தான் எழுதியிருந்தது.

அவர் ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது எனக்குப் பத்து வயது. இரும்புப் பெட்டிக்குள் சோப்புக் கட்டிகள், செம்புத் தட்டில் பதித்த யானை, ஒரு டேப் ரெக்கார்டர். இவற்றோடு பழைய போர்வையில் சுற்றி ஒரு மர மணை. மண்டியிட்ட ஒரு பெண், தலையாலும் இரண்டு கை விரல்நுனிகளாலும் வட்டமான இருக்கையைத் தாங்கிக்கொண்டிருப்பாள். வயிற்றில் வரிவரியாகச் செதுக்கல். கண்களை மூடியிருப்பாள். அடிப்பாகத்தில் ஒரு விரிசல்.

அம்மா அதற்கு 'ஜாம்பியா மணை' என்று பெயர் வைத்தாள். பல வருடம் அதன்மேல் டிவி ஸ்டெபிலைசர் இருந்தது. ஸ்டெபிலைசர் தேவைப்படாத டிவி வந்த பிறகு கொலுவுக்கு மட்டும் வெளியே வரும். மற்ற நாட்களில் பரணில்.

3

வாரக் கடைசிக்கு ஊருக்குப் போகும் கூட்டத்தில் பெருங்களத்தூர் நின்றுகொண்டிருந்தது. நாங்கள் அதற்கு முன்பே திரும்பிவிட்டதால் தப்பித்தோம். என்னோடு வந்தவள் என் மகள் நிலா. பத்தொன்பது வயது, பெல்ஜியத்தில் பிறந்தவள். பிரெஞ்சில் பல் டாக்டரைக்கூட 'நீங்கள்' என்பாள். தமிழில் எல்லாரும் 'நீ'தான். நான் அவளைத் திட்டுவதைக் கேட்டே தமிழ் கற்றுக்கொண்டவள். அதில் 'நீங்கள்' வருவதில்லை.

அம்மா ஒன்பது படி கட்டி முடித்திருந்தாள். மேலே கலசம், சாமிகள். பிறகு மகான்கள், கல்யாண செட், கிரிக்கெட் டீம். தரையில் மணல் கொட்டி, முளைவிட்ட கேழ்வரகு நட்டு, பார்க். பார்க்கில் பிளாஸ்டிக் சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி. அவற்றின் நடுவே ஜாம்பியா மணை. மணை காலியாக இருப்பானேன் என்று அதன்மேல் செட்டியார் தம்பதி பொம்மையை உட்கார்த்தி, முன்னால் அரிசி பருப்பு பரப்பியிருந்தாள். ஆப்பிரிக்கப் பெண் கண்ணை மூடிக்கொண்டு மளிகைக் கடையைத் தாங்கிக்கொண்டிருந்தாள். நானும் பதினோரு வருடமாகப் பார்க்கிறேன், இவ்வளவு தெளிவாக விஷயத்தைச் சொன்ன காட்சிப் பெட்டி எங்கள் அருங்காட்சியகத்தில் இல்லை.

மாடியில் ஒரு பையன் வாடகைக்கு இருக்கிறான். ப்வால்யா. ஜாம்பியாக்காரன், இருபத்து நான்கு வயது, பக்கத்தில் ஒரு கல்லூரியில் பார்மசி மேல்படிப்பு. சேலையூரில் ஆரம்பித்து ராஜகீழ்ப்பாக்கம் வரை புரோக்கர் அவனைப் பதினாறு வீட்டுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். எல்லா வீட்டிலும் அன்று காலையில்தான் வேறு யாரோ அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். பதினேழாவது வீடு எங்களுடையது. அப்பா வாசலிலேயே "முலிஷானி முக்வாய்" என்றாராம். பெம்பா மொழியில் 'சௌக்கியமா ஐயா' என்று அர்த்தம். பையன் அழுதுவிட்டான் என்று அப்பா சொல்வார். கண்ணில் தூசி என்று ப்வால்யா சொல்வான்.

அவன் தமிழ் ஷேர் ஆட்டோவிலும் மெஸ்ஸிலும் கற்றது. அப்பாவுக்கு அதில் தீராத குறை.

"எட்டு வருஷம் அவங்க ஊர்ல நான் சுத்தமான பெம்பா பேசினேன். இவன் இங்க வந்து கத்துக்கிட்டதைப் பாரு."

"இன்னா சார், புரியுதுல்ல? அது போதும்," என்பான் ப்வால்யா.

கொலுவின் இரண்டாம் நாள் அம்மா அவனைச் சுண்டலுக்குக் கூப்பிட்டாள். கிண்ணத்தோடு படிபடியாகப் பார்த்துக்கொண்டே வந்தவன் பார்க்கில் நின்றுவிட்டான். சுண்டலைக் கீழே வைத்தான்.

"அம்மா, இது மேல யாரும் குந்தக்கூடாது."

"பொம்மைதானேப்பா?"

"பொம்மையும் கூடாது. எங்க ஊர் ராஜாகூட குந்த மாட்டாரு. செத்துப்போன பெரியவங்க வந்து குந்துறதுக்கு கீது இது. எங்க தாத்தா ஊர்ல ஒண்ணு இருந்துச்சாம். நான் பார்த்ததில்லே. இப்பதான் பார்க்கறேன்." கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "கூகுள்ல பார்த்துகீறேன். எல்லாம் கண்ணாடிக்குள்ளே."

அம்மா பதறிவிட்டாள். "அடடா, கலசம் மாதிரியா? இத்தனை வருஷமா ஸ்டெபிலைசர் வெச்சிருந்தேனே!" செட்டியார் தம்பதியை எழுப்பி, மணையைத் துடைத்து, மேல் படிக்கு ஏற்றி, கலசத்துக்குப் பக்கத்தில் வைத்து, அந்தப் பெண்ணின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இட்டாள். நான்கு நிமிடம். எங்கள் அருங்காட்சியகத்தில் ஒரு பொருளை அடுத்த அலமாரிக்கு மாற்ற ஒரு குழு, இரண்டு நிபுணர்கள், ஒரு வருடம் ஆகும்.

சாயங்காலம் வந்த எதிர்வீட்டு அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு கேட்டாள்: "புது அம்மனா மாமி? எந்த ஊரு?"

"ஜாம்பியா," என்றாள் அம்மா.

"திருச்சி பக்கமா?"

4

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் நிலா ஆரம்பித்தாள். அவள் அங்கே ஒரு மாணவர் அமைப்பில் இருக்கிறாள். அருங்காட்சியகங்களின் வாசலில் நின்று 'திருப்பிக் கொடு' என்று கத்தும் அமைப்பு. என் ஆபீஸ் வாசலிலும் ஒருமுறை நின்றாள். மதிய உணவை நான் வெளியே எடுத்துப்போய்க் கொடுத்தேன்.

"தாத்தா, அந்த மணை உன்கிட்ட எப்படி வந்தது?"

"ஜாம்பியாலேர்ந்து கொண்டுவந்தேன்."

"வாங்கினியா?"

"இல்லை."

"யாராவது குடுத்தாங்களா?"

"யாரு குடுப்பா? ஸ்கூல் ஸ்டோர் ரூம்ல இருந்தது. கண்டம் பண்ணி எடுத்துக்கிட்டேன்."

கண்டம் பண்ணுவது என்றால் நிலாவுக்குப் புரியவில்லை. அப்பா உற்சாகமாக விளக்கினார். உடைந்த பொருளை இருப்புப் பதிவேட்டிலிருந்து நீக்குவது. பள்ளி முதலில் ஒரு பாதிரியார் நடத்தியது. அவர் சுற்றுப்பட்ட ஊர்களில் சாமி சம்பந்தமான மணை, முரசு, பொம்மையெல்லாம் அஞ்ஞானிகளின் பொருள் என்று பிடுங்கி வந்தார். பெரும்பாலும் எரித்தார். ஸ்டோர் ரூமில் போட்ட ஒன்றிரண்டைப் பதிவேட்டில் எழுதிவைத்தார். 'மணை, நாட்டு மக்களுடையது, ஒன்று.' சுதந்திரம் வந்தது. கொடி மாறியது, தலைமை ஆசிரியர் மாறினார், ஸ்டோர் ரூம் சாவி மாறவில்லை. வருடா வருடம் இருப்புச் சரிபார்ப்பில் மணை இருக்கிறதா என்று பார்த்து டிக் போட்டார்கள். அந்த டிக்கைக் கடைசி மூன்று வருடம் போட்டவர் அப்பா.

"கிளம்பற வருஷம் கண்டம் லிஸ்ட் போட்டேன். நாலு பெஞ்ச், ரெண்டு போர்டு, இந்த மணை. அடியில விரிசல் இருந்ததுல்ல? கண்டம் பண்ண மரச் சாமானை ரெண்டு சாட்சி முன்னால எரிக்கணும். அது வெள்ளைக்காரன் போட்ட ரூல்."

"எரிச்சீங்களா?" என்று கேட்டாள் அம்மா. அவளுக்கும் இந்தக் கதை புதிது.

"பெஞ்சை எரிச்சோம். இதை எரிக்க மனசு வரலை. அவ மூஞ்சியப் பாரு."

"ஆனா எரிச்சதா எழுதின," என்றாள் நிலா.

"ரெஜிஸ்டர் டேலி ஆகணுமில்ல?"

"தாத்தா, நீ திருடின."

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "'நீ'யா?" என்றார் என்னைப் பார்த்து. "இதுதான் நீ வளர்த்த லட்சணமா?"

"திருடினேங்கறா. அதை விட்டுட்டு 'நீ'யைப் பிடிச்சுக்கிட்டீங்களே," என்றாள் அம்மா.

நிலா விடவில்லை. படியில் செருப்புச் சத்தம் கேட்டு, மெஸ்ஸிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ப்வால்யாவை உள்ளே இழுத்தாள். "நீ சொல்லு. இது உங்க பொருள். இவர் பண்ணினது தப்பா இல்லையா?"

ப்வால்யா எங்கள் நான்கு பேரையும் பார்த்தான்.

"தங்கச்சி, நான் இங்க வாடகைக்கு கீறேன். ஹவுஸ் ஓனரைத் திருடன்னு சொல்லச் சொல்றியா? பதினெட்டாவது வீடு நீ பார்த்துத் தருவியா? இன்னா பேஜாரு இது."

மேலே போய்விட்டான். அப்பா ஜெயித்துவிட்டதாக நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். எரிய வேண்டியதைக் காப்பாற்றியிருக்கிறார். அட்டையில் எழுதினால் முப்பது சொல்லுக்குள் அடங்கும், நன்றாகவும் இருக்கும்.

காலையில் அவர் காபியைத் தொடவில்லை. பேப்பரையும் பிரிக்கவில்லை. என்னவென்று கேட்டேன்.

"கிளம்பறதுக்கு முந்தின நாள் ஒரு பையன் வந்தான். என் கிளாஸ்தான். ரோல் நம்பர் பதினேழு. பேர் சட்டுன்னு வரலை, ஆனா அல்ஜீப்ராவில கெட்டி. தாய்மாமாவைக் கூட்டிக்கிட்டு வந்திருந்தான். வாசல்லயே ரெண்டு பேரும் தரையில உக்காந்து கையைத் தட்டி மரியாதை பண்ணாங்க. மணையைக் கேட்டாங்க."

"இந்த மணையையா?"

"அவங்க பெரியவங்க காலத்துல அந்தக் கரையில இருந்தாங்களாம். ரப்பருக்காக ஆளைப் பிடிச்சுக்கிட்டு இருந்த காலம். தோணியில ஏறி இந்தக் கரைக்கு ஓடி வந்துட்டாங்க. சட்டி பானை, கோழி எல்லாத்தையும் விட்டுட்டு இதை மட்டும்தான் தூக்கிக்கிட்டு வந்தாங்களாம். இந்தக் கரையில பாதிரியார் பிடுங்கிக்கிட்டாரு. ஒவ்வொரு தலைமை ஆசிரியர்கிட்டயும் கேட்டிருக்காங்க. அந்த மாமா என்ன சொன்னார் தெரியுமா? 'சார், நீங்க வெள்ளைக்காரர் இல்லையே, உங்ககிட்ட கேக்கலாம்னு வந்தோம்'னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"முறைப்படி ஒரு அப்ளிகேஷன் எழுதிக் குடுங்கன்னேன்."

"மறுநாள் காலையில உங்களுக்கு லாரி."

"ஆமா," என்றார் அப்பா. "மணை அப்பவே பெட்டிக்குள்ள இருந்தது."

5

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். பெல்ஜியத்தில் என் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க நகராட்சி அலுவலகத்தில் காத்திருப்பேன். போன வருடம் எனக்கு முன்னால் ஒரு காங்கோ அம்மா. எழுபதைத் தாண்டியவர், பூப்போட்ட தலைத்துணி. கவுண்டரில் இருந்தவர் பிறப்புச் சான்றிதழின் அசல் பதிவு வேண்டும், காங்கோவிலிருந்து வாங்கி வாருங்கள் என்றார். அந்த அம்மா சொன்னார்: "நான் பிறந்தபோது அங்கே பதிவேடு எழுதியவர்கள் நீங்கள். போகும்போது அதையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டீர்கள். அடுத்த தெருவில் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது." கவுண்டர்காரர் யோசித்தார். பிறகு மரியாதையாகவே, "ஆனால் அது அங்கிருந்து வரவேண்டும், அம்மா" என்றார்.

நான் அன்று சிரித்தேன். வரிசையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். முறைப்படி ஓர் அப்ளிகேஷன் என்பது எங்கள் வீட்டிலும் சொல்லப்பட்ட வாசகம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அப்பாதான் சொன்னார்: "அந்த ஸ்கூலுக்கு எழுது. பொருள் எங்கிட்ட இருக்கு, அனுப்பறேன்னு." ப்வால்யா அவன் அக்கா மூலமாகப் பள்ளியின் மின்னஞ்சல் முகவரியைப் பிடித்தான். நிலா எழுதினாள். டிசம்பரில் ஊருக்குப் போகும்போது ப்வால்யாவே எடுத்துப்போவதாக ஏற்பாடு. "பெட்டியில என் துணி பதினஞ்சு கிலோ, மீதி வெயிட்டு இந்த மணைக்கு," என்றான்.

ஐந்தே நாளில் பதில் வந்தது. எங்கள் அருங்காட்சியகத்தில் ஐந்து நாளில் கடிதத்தைப் பிரித்துத் தேதி முத்திரைதான் குத்தியிருப்போம். எழுதியவர் தலைமை ஆசிரியை. நிலா உரக்கப் படிக்க, நான் அம்மாவுக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

'மதிப்பிற்குரிய ஆசிரியர் நலமாக இருக்கிறார் என அறிந்து பள்ளி மகிழ்கிறது. அவர் காலத்துப் பதிவேடுகள் எல்லாம் பத்திரமாக உள்ளன. அவை மிகவும் ஒழுங்காக எழுதப்பட்டவை.' இதைக் கேட்டு அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். 'அவற்றின்படி மேற்படி மணை கண்டம் செய்யப்பட்டு, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் எரிக்கப்பட்டது. அதற்கு ஆசிரியரே சான்றளித்துள்ளார். எரிந்துபோன ஒரு பொருளைப் பெற்றுக்கொள்ளப் பள்ளிக்கு வழியில்லை.'

"பாருங்களேன்," என்றாள் அம்மா.

'ஆகவே ஆசிரியர் தம் கையால் ஒரு கடிதம் எழுதவேண்டும். சான்று உண்மையல்ல என்பதும், பொருள் யாரிடமிருந்து எடுக்கப்பட்டது என்பதும் அதில் இருக்கவேண்டும். கடிதம் பதிவேட்டில் ஒட்டப்படும். ஊர்க்கூட்டத்தில் வாசிக்கப்படும். அதன்பின் மணை உரிய குடும்பத்திடம் சேரும். ஆசிரியரின் மாணவர்கள் பலர் இன்று ஊர்ப் பெரியவர்களாக இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் வணக்கத்தைத் தெரிவிக்கிறார்கள்.'

அந்த வணக்கம்தான் அவரை அசைத்தது. ஊர்க்கூட்டத்தில் யார் உட்கார்ந்து கேட்பார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கணக்கில் ஒரு ஸ்டெப்பைத் தாண்டியதற்காக முட்டிமேல் நிற்கவைத்த பையன்கள்.

"எழுத வேண்டாம்ப்பா," என்றேன். "ஜாம்பியா தூதரகம் மூலமா அனுப்பலாம். வேற ஏதாவது அருங்காட்சியகத்துக்குக் குடுக்கலாம். வழி இருக்கு." வழிகள் எனக்குத் தெரியும். அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன்.

6

விஜயதசமிக்கு மறுநாள் கொலு இறங்கியது. பொம்மைகள் பழைய செய்தித்தாளுக்குள் போய்விட்டன. மணை மட்டும் சாப்பாட்டு மேசைமேல் தனியாக இருந்தது. ப்வால்யா ஈரத்துணியால் அந்தப் பெண்ணின் நெற்றிக் குங்குமத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். "ஏர்போர்ட்ல பார்த்தா கோயில் சிலையைத் திருடிட்டுப் போறேன்னு என்னைப் பிடிப்பாங்க. சார் பண்ணினதுக்கு நான் உள்ளே போவேன்," என்றான். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அப்பா அதைக் கேட்காதது போலக் கண்ணாடியைத் துடைத்தார்.

நான் ஒரு வரைவு எழுதி வைத்திருந்தேன். என் தொழில் திறமை முழுவதையும் அதில் கொட்டியிருந்தேன். 'அக்காலகட்டத்தின் நடைமுறைச் சிக்கல்களால் மேற்படி பொருள் எரிக்கப்படாமல் பாதுகாக்கப்பட்டு, பின்னர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது தெரியவருகிறது. பதிவில் ஏற்பட்ட முரண்பாட்டுக்கு வருத்தம் தெரிவிக்கப்படுகிறது.' பொய் என்று எந்த இடத்தையும் காட்டமுடியாது. அதே சமயம் எண்பத்து மூன்று வயது மனிதர் ஒருவர் எங்குமே தட்டுப்பட மாட்டார்.

அப்பா படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். சட்டைப் பையில் சிவப்புப் பேனாவைத் தேடினார், இல்லை. நிலா ஒன்று கொண்டுவந்து கொடுத்தாள்.

"விடை எழுதியிருக்கே," என்றார் என்னிடம். "ஸ்டெப் எங்கே? யாரு எடுத்தா? தானா நடந்து வந்ததா அது?"

குறுக்கே ஒரு கோடு போட்டார். மூலையில், பழக்க தோஷம், ஒரு பூஜ்ஜியம் போட்டார். எனக்கு ஐம்பது வயதாகப் போகிறது. நாளிதழில் ஒன்பது வருடம், அருங்காட்சியகத்தில் பதினோரு வருடம். யாரும் எனக்குப் பூஜ்ஜியம் போட்டதில்லை.

பிறகு கோடு போட்ட தாளில், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்கும் அவருடைய ஆங்கிலத்தில், எழுத ஆரம்பித்தார். ஒவ்வொரு வாக்கியத்தையும் முடித்துவிட்டுச் சத்தமாகப் படித்தார்.

"இந்த மணை எரிக்கப்பட்டதாக நான் சான்று அளித்தேன். அது பொய். அது எரிக்கப்படவில்லை. நான் எடுத்துக்கொண்டேன்."

அம்மா கரண்டியோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"சாட்சிகள் இருவரும் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள்மேல் தவறில்லை. நான் கிளம்புவதற்கு முந்தின நாள், என் மாணவனும் அவனுடைய தாய்மாமாவும் வந்து இதைக் கேட்டார்கள். இது அவர்களுடையது என்பது எனக்குத் தெரியும். அப்போது இது என் வீட்டுக்குள், என் பெட்டியில் இருந்தது."

நிலா அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "தாத்தா, நீங்க தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள். அவர் கவனிக்கவில்லை.

"மாணவன் பேர் கேப்பாங்க சார். ஊர்ல குடும்பத்தைக் கண்டுபிடிக்கணும்ல," என்றான் ப்வால்யா.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். வகுப்பின் வருகைப் பதிவேட்டை ஒன்றிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார். பாண்டா, சாண்டா, சிலேஷே. நாற்பது வருடத்துக்கு அந்தப்பக்கம் இருந்த பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொரு பெயருக்கும் ப்வால்யா மெல்லத் தலையசைத்தான். பதினேழில் அப்பா கண்ணைத் திறந்தார். "முடாலே. ஜான் முடாலே." எழுதினார்.

"தாய்மாமா பேரு?" என்றான் ப்வால்யா. "மணை அவங்க பக்கத்துதான் சார். எங்க ஊர்ல எல்லாம் மாமா வழிதான். அவர் பேரு இருந்தா போதும்."

அப்பாவின் பேனா தாளின் மேலேயே நின்றது. வெளியே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"பெரிய மனுஷன். தரையில உக்காந்திருந்தார். அரைமணி நேரம் பேசினோம்," என்றார். "நான் அவர் பேரைக் கேக்கவே இல்லை."



"அதையும் எழுதணுமா?" என்று ப்வால்யாவைக் கேட்டார். வாடகைக்கு இருப்பவனிடம் கேட்கும் குரல் அல்ல அது.

ப்வால்யா யோசித்தான். "எழுதுங்க சார்," என்றான்.

அப்பா எழுதினார்.